சிரிக்கும் கோரைப்பல்

1967ஆம் ஆண்டு. ரோமன் போலான்ஸ்கி எடுத்த ரத்தக்காட்டேரிப் படம் அமெரிக்கத் திரையரங்குகளுக்குப் போகுமுன் எம்ஜிஎம் நிறுவனத்தின் படத்தொகுப்பு மேசைக்குப் போனது. தயாரிப்பாளர் மார்ட்டின் ரான்சோஹாஃப் பல நிமிடக் காட்சிகளை வெட்டினார். பேராசிரியர் வேடத்தில் நடித்த ஜாக் மெக்கவ்ரனின் குரலை எடுத்துவிட்டு வேறு குரல் சேர்த்தார். படத்தின் தொடக்கத்தில் ஒரு கார்ட்டூனை ஒட்டவைத்தார். 'ரத்தக்காட்டேரிகளின் நடனம்' என்ற பெயரும் போயிற்று. 'அஞ்சா நெஞ்சக் காட்டேரி வேட்டைக்காரர்கள்' என்ற பொருளில் புதுப்பெயர் வந்தது. அதற்குக் கீழே, மன்னிக்கவும், உங்கள் பற்கள் என் கழுத்தில் பதிந்திருக்கின்றன என்று ஒரு துணைத்தலைப்பு வேறு. கொதித்துப்போன போலான்ஸ்கி தன் பெயரையே எடுத்துவிடச் சொன்னார். அமெரிக்காவில் படம் எடுபடவில்லை.

ஐரோப்பாவில் ஓடிய மூல வடிவத்தின் கதை வேறு. அதை ரசிகர்கள் கொண்டாடினார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து, 1997இல், வியன்னாவில் அது இசைநாடகமாக மேடையேறியது. ஜிம் ஸ்டைன்மன் இசையமைக்க, போலான்ஸ்கியே இயக்கினார். ஜெர்மன் பேசும் நாடுகளில் அது இன்றும் மறக்கப்படாத மேடைப்படைப்பு.

ரான்சோஹாஃப் செய்த வேலைக்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. சிரிப்பதா, பயப்படுவதா என்று பார்வையாளருக்குத் தெரியாவிட்டால் அவர் குழம்பிப்போவார், குழம்பினால் கோபப்படுவார், ஆகவே, 'இது சிரிப்புப் படம்' என்று வாசலிலேயே சொல்லிவிட வேண்டும். டார்க் காமெடி என்று நாம் சொல்கிற அவல நகைச்சுவை திகிலோடு சேரும்போதெல்லாம் இந்தக் கணக்கு திரும்பத் திரும்பப் போடப்படுகிறது. பார்வையாளர்கள் இத்தகைய படங்களை எதை வைத்து மதிப்பிடுகிறார்கள், முதல் வாரத்துத் தீர்ப்பு பல நேரங்களில் பின்னால் ஏன் மாறிவிடுகிறது, நிலைத்து நிற்கும் தீர்ப்பு எதன்மேல் நிற்கிறது என்பவைதான் இக்கட்டுரையின் கேள்விகள்.

மற்ற பேய்களைவிட ரத்தக்காட்டேரி சிரிப்புக்கு இடம் கொடுப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அது சட்டதிட்டங்களுக்குக் கட்டுப்பட்ட பிராணி. அழைக்காமல் வீட்டுக்குள் வர முடியாது. கண்ணாடியில் தெரியாது. பூண்டும் சிலுவையும் ஆகாது. பொழுது விடிவதற்குள் பெட்டிக்குத் திரும்ப வேண்டும். இவற்றில் சில நாட்டார் நம்பிக்கையிலிருந்து வந்தவை, சில பிராம் ஸ்டோக்கரின் 1897ஆம் ஆண்டு நாவல் தந்தவை. சூரிய ஒளி பட்டதும் அழிவது மட்டும் சினிமா கண்டுபிடித்தது. ஸ்டோக்கரின் டிராகுலா லண்டன் தெருவில் பகலில் நடமாடுகிறான்; எஃப். டபிள்யூ. முர்னாவ் 1922இல் எடுத்த 'நோஸ்ஃபெரட்டு'தான் அவனை வெயிலில் கரைத்தது. சட்டம் என்று வந்துவிட்டால் மீறலும் வரும், சிக்கலும் வரும், சமாளிப்பும் வரும். திகிலுக்கு வேண்டியதும் இவைதான், நகைச்சுவைக்கு வேண்டியதும் இவைதான். நூறாண்டுகளைக் கடந்தவனுக்குத் தன் முகம் பார்த்துத் தலைவார வழியில்லை என்பதை நினைத்தால் முதலில் சிரிப்பு வருகிறது, அடுத்த நொடி நெஞ்சு கனக்கிறது.

திரையில் இந்தக் கலவைக்கு அடித்தளம் போட்டவர்களில் பெலா லுகோசியை முதலில் சொல்ல வேண்டும். 1931இல் டாட் பிரவுனிங்கின் 'டிராகுலா'வில் நடித்தவர், திரைப்படத்தில் மறுபடி டிராகுலாவாகவே வந்தது ஒரே ஒரு முறைதான்: 1948இல், அபட்-காஸ்டெல்லோ இரட்டையரின் சிரிப்புப் படத்தில். சுற்றிலும் இருவரும் அலறி, உருண்டு, வாய் குழறுகிறார்கள். லுகோசி மட்டும் 1931இல் நின்ற அதே கம்பீரத்தோடு நிற்கிறார். படத்தைக் காப்பாற்றியது அவருடைய அந்தக் கம்பீரம். கூட இருப்பவன் எவ்வளவு கோமாளியாக இருந்தாலும் காட்டேரி பார்வையாளரைப் பார்த்துக் கண் சிமிட்டக் கூடாது. அடுத்து வந்தவர்களில் இதைப் புரிந்துகொண்டவர்கள் ஜெயித்தார்கள்.

போலான்ஸ்கிக்கு அது நன்றாகப் புரிந்திருந்தது. அவருடைய படத்தில் பேராசிரியரும் அவருடைய சீடன் ஆல்ஃபிரெடும் அசடுகள். ஃபெர்டி மெய்ன் நடித்த கோமான் ஃபோன் குரோலோக் அசடு அல்ல. இத்தாலியின் வால் கார்டேனா பள்ளத்தாக்குப் பனியும், டக்ளஸ் ஸ்லோகோமின் ஒளிப்பதிவும், கிறிஸ்டோஃப் கொமேடாவின் இசையும் உண்மையான அச்சத்துக்கான உலகத்தைக் கட்டுகின்றன. கல்லறைகளிலிருந்து எழுந்து வந்த பிரபுக்களும் சீமாட்டிகளும் நாகரிகமாக நடனமாடும் அரங்கில் ஒரு பெரிய கண்ணாடி. அறை நிறைய ஆட்கள் ஆடுகிறார்கள். கண்ணாடியில் தெரிகிறவர்களோ பேராசிரியர், ஆல்ஃபிரெட், அவர்கள் மீட்க வந்த சாரா ஆகிய மூவர் மட்டும். அந்த ஒரே சட்டகத்தில் சிரிப்பும் நடுக்கமும் ஒன்றாக வந்துவிடுகின்றன. அதில் எது முதலில் வருகிறது என்று என்னால் இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இன்னொரு பாத்திரம் ஷகால் என்னும் யூத விடுதிக்காரன். காட்டேரியாக மாறிய அவன்முன் பணிப்பெண் சிலுவையை நீட்டுகிறாள். நான் அந்தச் சிலுவைக்கு அடங்கும் காட்டேரி இல்லையே என்று அவன் சிரிக்கிறான். உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படும் காட்சி இது. அவ்வளவாகப் பேசப்படாதது அதற்குப் பின் வருவது. கோட்டையின் நிலவறையில் கோமானின் பெட்டிக்குப் பக்கத்தில் தன் பெட்டியையும் போட்டுக்கொள்ள ஷகால் தவிக்கிறான். அவனைப் பெட்டியோடு தூக்கிக் குதிரை லாயத்தில் தள்ளுகிறார்கள். செத்துக் காட்டேரியான பிறகும் அவனுக்குக் கோமான்கள் பக்கத்தில் இடம் இல்லை. இதை எடுத்தவர், சிறுவனாகக் கிராகோவ் நகர யூதச் சேரியில் அடைபட்டிருந்தவர். தாயை ஆஷ்விட்ஸில் பறிகொடுத்தவர். இந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தபின் அதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஒரு படத்தின் மதிப்பு திரைக்கு வெளியே நடப்பவற்றாலும் மாறும். சாராவாக நடித்த ஷரன் டேட் 1969 ஆகஸ்டில் கொலையுண்டார். 1977இல் அமெரிக்காவில் சிறுமி ஒருத்தியிடம் செய்த குற்றத்தை ஒப்புக்கொண்ட போலான்ஸ்கி, தீர்ப்புக்கு முன் நாட்டைவிட்டு ஓடினார். இன்று அந்தப் படத்தைப் பார்க்க மறுப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பார்க்கிறவர்கள் இவற்றை மறந்துவிட்டுப் பார்க்க வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன்.

காட்டேரியின் கம்பீரத்தைக் கைவிட்டவர்களின் பக்கத்துக்கு ஒரே ஓர் உதாரணம் போதும். மெல் புரூக்ஸ் 1974இல் 'யங் ஃபிராங்கன்ஸ்டைன்' எடுத்தபோது கறுப்பு வெள்ளையில் எடுத்தார். 1931ஆம் ஆண்டு 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தில் கென்னத் ஸ்டிரிக்ஃபேடன் செய்து தந்த அதே சோதனைச்சாலைக் கருவிகளைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்தார். கேலி செய்யும் பொருள்மேல் அத்தனை மரியாதை. 1995இல் அதே புரூக்ஸ் லெஸ்லி நீல்சனை வைத்து டிராகுலாவைக் கேலி செய்தார். சுமார் 3 கோடி டாலர் செலவு, அமெரிக்காவில் வந்த வசூல் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதற்குப் பின் அவர் படம் இயக்கவே இல்லை. அந்த டிராகுலா தன் கோட்டைப் படிக்கட்டில் வழுக்கி விழுகிறான், யாரையும் அச்சுறுத்துவதில்லை. சாவு வலிக்காத இடத்தில் சிரிப்பும் ஒட்டவில்லை.

இனி அளவுகோல்களுக்கு வருவோம். அமெரிக்காவில் சினிமாஸ்கோர் என்ற நிறுவனம் முதல்நாள் திரையரங்கிலிருந்து வெளியே வருகிறவர்களிடம் சீட்டுக் கொடுத்துப் படத்துக்கு மதிப்பெண் கேட்கிறது. வருகிறவர் எதை எதிர்பார்த்து டிக்கெட் வாங்கினாரோ, அது கிடைத்ததா என்பதைத்தான் அந்த மதிப்பெண் பெரும்பாலும் காட்டும். ராட்டன் டொமேட்டோஸ் தளத்தின் சதவீதம் வேறு வகை. படம் எவ்வளவு நன்று என்பதை அது அளப்பதில்லை. எத்தனை விமர்சகர்கள் 'பரவாயில்லை' என்ற கோட்டுக்கு மேலே வைத்தார்கள் என்று எண்ணுகிறது. எல்லாரும் ஓரளவு ரசித்த படம் 95 வாங்கும். பாதிப்பேர் உயிராக நேசித்து மீதிப்பேர் வெறுத்த படம் 50 வாங்கும். அவல நகைச்சுவைத் திகில் படம் இயல்பிலேயே இரண்டாவது வகை. ஆகவே இந்த எண்களை வைத்து இந்தப் படங்களை எடைபோடுகிறவர்கள், தங்கம் நிறுக்கும் தராசில் விறகை நிறுப்பவர்கள்.

வாக்குறுதி எப்படித் தீர்ப்பைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இரண்டு படங்கள். ராபர்ட் ரோட்ரிகஸின் 'ஃபிரம் டஸ்க் டில் டான்' 1996இல் வந்தது. முதல் பாதி முழுக்க இரண்டு கொள்ளைக்காரர்கள் ஒரு குடும்பத்தைப் பணயமாக இழுத்துக்கொண்டு மெக்சிகோவுக்குத் தப்பும் குற்றக்கதை. பாதியில் சாராயக்கடை காட்டேரிக் கூடமாக மாறுகிறது. குற்றக்கதைக்கு வந்தவர்கள் ஏமாந்தோம் என்றார்கள்; காட்டேரிக்காக வந்தவர்கள் ஏன் இத்தனை தாமதம் என்றார்கள். 2024இல் வந்த 'அபிகேல்' இதன் மறுபுறம். கடத்தி வந்த பாலே ஆடும் சிறுமியே காட்டேரி என்பதுதான் கதையின் திருப்பம். அதை டிரெய்லரிலேயே காட்டிவிட்டார்கள். கடத்தல்காரர்களுக்குத் தெரியாத ரகசியம் பார்வையாளருக்குத் தெரியும் என்பதால், அது வெளிப்படும்வரையில் படம் இழுக்கிறது என்ற குறை பலரிடம் எழுந்தது. அந்தக் குறையில் பெரும்பங்கு விளம்பரம் செய்தவர்களைச் சேர வேண்டும், சேர்ந்ததோ படத்தை.

முதல் தீர்ப்பு முற்றிலும் தலைகீழான கதை ஒன்று உண்டு, அதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ராபர்ட் பியர்மன் இயக்கிய 'வாம்பயர்ஸ் கிஸ்', 1989 ஜூனில் அமெரிக்காவில் வெளியானது. திரைக்கதை ஜோசப் மினியன். சுமார் 20 லட்சம் டாலரில் எடுத்த படம் 7.25 லட்சம் டாலர் வசூலித்து ஓய்ந்தது. நாயகன் பீட்டர் லோ, நியூயார்க்கின் இலக்கிய முகவர். நிக்கோலஸ் கேஜ் நடித்தார். ஓர் இரவு சந்தித்த பெண் தன் கழுத்தைக் கடித்துவிட்டாள் என்றும், தான் காட்டேரியாகிக்கொண்டிருப்பதாகவும் லோ நம்பத் தொடங்குகிறான். கோரைப்பல் முளைக்கவில்லை, கடையில் பிளாஸ்டிக் பல் வாங்கி மாட்டிக்கொள்கிறான். இது எங்கிருந்து வந்த உச்சரிப்பு என்று சொல்ல முடியாத ஓர் ஆங்கிலம் பேசுகிறான். மனநல மருத்துவரிடம் அகரவரிசையை ஓர் எழுத்து விடாமல் கத்திச் சொல்கிறான். ஒரு காட்சியில் கேஜ் நிஜமான கரப்பான்பூச்சியை மென்று தின்றார். நியூயார்க் டைம்ஸ் விமர்சனம் கேஜின் நடிப்பே படத்தைக் கெடுத்தது என்று முடித்துவிட்டது. நியூயார்க்கர் இதழில் பாலின் கேல் அதே நடிப்பை வியந்து பாராட்டினார்.

பிற்பாடு இணையம் வந்தது. கேஜின் விரிந்த கண்களும் கோணிய வாயும் மீம்களாகப் பரவின. படம் பார்க்காதவர்களுக்கும் அந்த முகம் தெரிந்தது. தோற்ற படம் கொண்டாட்டப் படமாயிற்று. ஆனால் இந்த இரண்டாம் தீர்ப்பையும் நான் முழுதாக ஏற்கவில்லை. 1989இல் 'மிகை நடிப்பு' என்று தள்ளினார்கள்; பின்னால் அதே மிகையைத் துண்டுதுண்டாக வெட்டி ரசித்தார்கள். இரண்டு தரப்பும் கேஜின் முகத்தை மட்டுமே பார்த்தன. எதிரே இருந்த பெண்ணைப் பார்க்கவில்லை.

அந்தப் பெண் ஆல்வா. மரியா கொன்ச்சிட்டா அலோன்சோ நடித்த செயலாளர். எங்கோ கோப்புகளுக்குள் தொலைந்த, யாருக்கும் அவசரமில்லாத ஒரு பழைய ஒப்பந்தத்தைத் தேடித்தரச் சொல்லி லோ அவளை நாள்தோறும் வதைக்கிறான். மேசைமேல் ஏறி நின்று விரல் நீட்டி மிரட்டுகிறான், கழிவறை வரை துரத்துகிறான், காய்ச்சல் என்று வீட்டில் படுத்தவளை வாடகைக் காரில் போய் இழுத்து வருகிறான். கடைசியில் அவள்மேல் பாலியல் வன்முறை நிகழ்த்துகிறான். பார்வையாளர் சிரித்துக்கொண்டே வருகிறார். எந்த இடத்தில் சிரிப்பு நின்றது என்று அவருக்கே தெரியாமல் நின்றுவிடுகிறது. கூட வேலை செய்பவர்கள் ஆல்வாவின் பயத்தைப் பார்த்துச் சிரிக்கும் காட்சி ஒன்று படத்திலேயே வருகிறது. அங்கே நாமும் அவர்களோடு உட்கார்ந்திருந்தோம் என்பது உறைக்கும்போது படத்தின் திகில் தொடங்குகிறது. வேலைக்காரியின் ரத்தத்தை உறிஞ்ச முதலாளிக்குப் பல் முளைக்க வேண்டியதில்லை, பதவி போதும். மேரி ஹேரனின் 'அமெரிக்கன் சைக்கோ' 2000இல் சொன்னதன் பெரும்பகுதியை இந்தச் சின்னப் படம் பதினோரு ஆண்டுகள் முன்பே சொல்லிவிட்டது. மீம் பார்த்துவிட்டுப் படத்தைத் தெரியும் என்று நினைப்பவர்கள் ஆல்வாவுக்காக ஒருமுறை முழுப் படத்தையும் பார்க்க வேண்டும்.

அதே கேஜ் 2023இல் 'ரென்ஃபீல்ட்' படத்தில் உண்மையான டிராகுலாவாகவே வந்தார். சுமார் 6.5 கோடி டாலர் செலவு. திரையரங்கில் அதில் பாதிகூடத் திரும்பவில்லை. கேஜ் வரும் காட்சிகள் நன்று. ஆனால் ரத்தம் வாளிவாளியாகத் தெறிக்கும் சண்டைகளில் செத்தவர்களுக்குப் பெயரும் இல்லை, முகமும் இல்லை. பணத்தைக் கொட்டினால் இந்த வகைப் படம் பலமடையும் என்பதற்குச் சான்றே இல்லை. பல நேரங்களில் பலவீனமடைகிறது.

நியூசிலாந்தில் ஜெமைன் கிளெமென்ட்டும் தைக்கா வைடிட்டியும் 2014இல் கொண்டுவந்த 'வாட் வி டூ இன் த ஷேடோஸ்' மிகச் சிறிய செலவில் எடுத்த படம். வெலிங்டனில் ஒரே வீட்டில் குடியிருக்கும் நான்கு காட்டேரிகளைப் பற்றிய போலி ஆவணப்படம். யார் பாத்திரம் கழுவுவது என்ற சண்டையோடு தொடங்குகிறது. விமர்சகர், ரசிகர் இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே குரலில் ஏற்றுக்கொண்ட அபூர்வ உதாரணம் இது. அதில் வியாகோ என்னும் நாகரிகமான காட்டேரி, விருந்தாளிப் பெண்ணின் காலடியில் செய்தித்தாள் விரிக்கிறான், கறை படியாதிருக்க. அவளோ தன் எதிர்காலத் திட்டங்களை ஆசையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அடுத்த நிமிடம் ரத்தக்குழாய் தவறான இடத்தில் அறுந்து அறை முழுக்கச் சிதறுகிறது. வயிறு குலுங்கச் சிரிக்கிறோம். ஆனால் அவள் பேசிய அந்தச் சில வாக்கியங்களைப் படம் வெட்டாமல் வைத்திருக்கிறது. அவள் யாரோ ஒருத்தி, வாழ நினைத்தவள். நல்ல படத்தையும் வெறும் கேலிப்படத்தையும் பிரிக்கும் கோடு இப்படிப்பட்ட சில நொடிகளில்தான் ஓடுகிறது.

இந்த உரைகல்லைக் கடுமையாகச் சோதிக்கும் படம் சிலி நாட்டிலிருந்து வந்தது. பாப்லோ லாரைன் இயக்கிய 'எல் கோன்டே', 2023 செப்டம்பரில், சர்வாதிகாரி அகஸ்டோ பினோசேயின் ராணுவப் புரட்சிக்குச் சரியாக 50 ஆண்டுகள் நிறைந்த மாதத்தில் நெட்ஃபிளிக்ஸில் வெளியானது. வெனிஸ் விழாவில் திரைக்கதைக்கான பரிசு பெற்றது. எட்வர்ட் லாக்மனின் கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவு ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. அதில் பினோசே சாகவில்லை. பிரெஞ்சுப் புரட்சிக்கு முன்பே பிறந்து, கில்லட்டின் கத்தியில் ஒட்டிய மேரி அன்டோனெட்டின் ரத்தத்தை நக்கிய 250 வயதுக் காட்டேரி அவர். மனித இதயங்களை மிக்ஸியில் அடித்துக் குடிக்கிறார். இப்போது சாக விரும்புகிறார். காரணம், தன்னை மக்கள் திருடன் என்கிறார்களாம். கொலைகாரன் என்றால்கூடப் பொறுத்துக்கொள்வார், திருடன் என்பதைத் தாங்க முடியவில்லை.

இந்த நகைச்சுவைக்குக் கீழே கல்போன்ற உண்மை கிடக்கிறது. 2004இல் அமெரிக்க செனட் விசாரணை ரிக்ஸ் வங்கியில் பினோசே ஒளித்துவைத்திருந்த கணக்குகளை வெளிக்கொணர்ந்தது. கொலைகளை மன்னித்த ஆதரவாளர்களிலும் சிலர் அப்போதுதான் முகம் சுளித்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டும் காணாமலாக்கப்பட்டும் போன ஒரு நாட்டில், பெரிய அவமானம் வங்கிக் கணக்கிலிருந்து வந்தது. இதைவிடக் கசப்பான அவல நகைச்சுவையை எந்தத் திரைக்கதை ஆசிரியரும் கற்பனை செய்ய முடியாது. லாரைன் அதை அப்படியே எடுத்துக் காட்டேரியின் வாயில் வைத்தார்.

இந்தப் படத்தின் மதிப்பீட்டில் சினிமாஸ்கோருக்கு வேலை இல்லை. சாவின் எடையைப் படம் உண்டாக்க வேண்டியிருக்கவில்லை. படம் தொடங்குமுன்பே அது அங்கே இருந்தது. சர்வாதிகாரியைக் கேலிப்பொருளாக்குவதே ஒருவகை நீதி என்று ஒரு தரப்பு சொன்னது. நடுங்கும் கிழவராக, மனைவியாலும் பிள்ளைகளாலும் சூறையாடப்படுகிறவராகக் காட்டினால் இரக்கம் ஒட்டிக்கொள்ளாதா என்று இன்னொரு தரப்பு கேட்டது. லாரைனின் தந்தையும் தாயும் வலதுசாரி அரசியலில் பதவி வகித்தவர்கள் என்பதையும் இந்த விவாதத்தில் ஒதுக்க முடியாது. 'டோனி மனேரோ', 'போஸ்ட் மார்ட்டம்', 'நோ' என்று மூன்று படங்களில் அதே இருண்ட காலத்தை விடாமல் தோண்டியவர் அவர் என்பதையும் ஒதுக்க முடியாது.

என் தீர்ப்பு இரு கூறானது. பினோசேயைக் காட்டேரியாக்கியது மிகச் சரி. தண்டனை இல்லாமல் தப்பியவன் சாவதில்லை என்பதை வேறு எந்த உருவகமும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லாது. இறுதியில் படம் வண்ணத்துக்கு மாறி, காட்டேரி மீண்டும் சிறுவனாகி நிற்கும்போது முதுகுத்தண்டு சில்லிடுகிறது. ஆனால் இதயம் பறிக்கப்பட்டவர்கள் படம் நெடுக முகமற்றவர்களாகவே கிடக்கிறார்கள். கொன்றவரின் குடும்பச் சண்டைக்கு அத்தனை நேரம் கொடுத்த படம், கொல்லப்பட்ட ஒருவருக்காவது வியாகோவின் விருந்தாளிக்குக் கிடைத்த அந்தச் சில வாக்கியங்களைக் கொடுத்திருக்க வேண்டும். இது எனக்குப் பெரிய குறை. இந்தக் குறையோடும், கடந்த இருபது ஆண்டுகளில் வந்த அவல நகைச்சுவைக் காட்டேரிப் படங்களில் இதையே முதலில் வைப்பேன்.

1998இல் லண்டனில் கைதாகி, 2000இல் உடல்நலக் காரணத்தால் நாடு திரும்ப அனுமதிக்கப்பட்ட அகஸ்டோ பினோசே, 2006 டிசம்பர் 10 அன்று, எந்த வழக்கிலும் தண்டனை பெறாமல், சான்டியாகோ நகர மருத்துவமனையில் இறந்தார். அன்று உலக மனித உரிமை நாள்.